பத்து விரலுக்கு வெளியே இரண்டு பேர்

அந்தக் காலத்தில் பசுவுக்கும் நாய்க்கும் வாத்துக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். வடக்கே, சாம்பல் நிறக் கடல் ஒன்றின் கரையில், வெயில் விருந்தாளியைப் போல வந்து போகும் ஊர் ஒன்றில் சிலர் வாழ்ந்தார்கள். அவர்கள் பேசிய பேச்சிலிருந்துதான் பின்னால் ஆங்கிலம் பிறந்தது. அப்போது அந்தப் பேச்சில் எண்கள் பத்தோடு நின்றுவிடும்.

நின்றதற்குக் காரணம் குளிர். கைவிரல்களை எண்ணி முடித்தவர்கள் குனிந்து கால்விரல்களையும் எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் கால்கள் வருடம் முழுவதும் ஆட்டுத்தோல் ஜோட்டுக்குள் பொதிந்து கிடந்தன. நம் பக்கத்து மனிதர்களாக இருந்தால் வெறுங்காலோடு நின்று இருபதுவரை எண்ணியிருப்பார்கள். இந்தக் கதைக்கும் வேலை இருந்திருக்காது.

பத்துக்கு அப்பால் இருந்ததையெல்லாம் அவர்கள் மிச்சம் என்றார்கள். வலையில் வந்த மீன் பத்து, அப்புறம் மிச்சம். வானத்து நட்சத்திரம் பத்து, அப்புறம் மிச்சம். மிச்சத்துக்கு அளவும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தக் கரையில் பெகா என்று ஒருத்தி இருந்தாள். ஓஸ்ரிக் என்பவனின் மனைவி. ஓஸ்ரிக்கின் அண்ணன் குத்லாக்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். பெகா கல்யாணமாகி வந்த வருடமே அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கை நடுங்காது" என்று குளிர்வீட்டின் கணக்கை அவளிடம் ஒப்படைத்தது அவர்தான். அன்றிலிருந்து அவளை எல்லோரும் கைக்காரி என்றார்கள். பெகாவுக்கு அந்தப் பெயரில் பெருமை உண்டு. நடக்கும்போதுகூடக் கைகளைச் சற்று முன்னால் ஏந்தியபடிதான் நடப்பாள், நிறைகுடம் சுமப்பவளைப் போல.

குளிர்வீடு என்பது நீண்ட ஒரே கூரை. ஒரு கோடியில் மனிதர், மறு கோடியில் பிராணிகள், நடுவில் அடுப்பு. பனி விழத் தொடங்கினால் வசந்தம் வரைக்கும் எல்லோரும் அதற்குள்தான். எல்லோருக்கும் ஒரே பார்லிக் குழி, ஒரே கஞ்சிப்பானை. எப்போதோ ஒரு குளிர்காலத்தில், வந்தவரையெல்லாம் வா என்று உள்ளே விட்டார்களாம். பாதிக் குளிரிலேயே குழி காலி. வசந்தத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது ஒரே ஒரு பெண். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இனிமேல் இந்தக் கைகளில் அடங்குகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். அந்தச் சொல் சட்டமாயிற்று. அழுதுகொண்டு சொன்ன சொல்லாகத்தான் இருக்கும். சட்டமான பிறகு அழுகையை யார் கேட்டார்கள்?

முதல் பனி விழும் நாளுக்குக் கைமூடும் நாள் என்று பெயர். கைக்காரி வாசலில் நின்று பத்து விரல்களையும் விரித்து நீட்டுவாள். உள்ளே போகிறவர் ஒவ்வொருவராக வந்து ஒரு விரலைத் தொட வேண்டும். தொட்ட விரலை அவள் மடக்குவாள். இரண்டு கையும் மூடியதும், மூடிய கையோடு பின்பக்கமாகவே உள்ளே நடந்து, முதுகால் கதவைச் சாத்துவாள். அதற்குப் பிறகு வருகிற எதுவும் மிச்சம். நரியோ, வழி தவறிய ஆடோ, யாராக இருந்தாலும் வெளியேதான்.

கதவு சாத்தியதும் கைக்காரி அடுப்பருகே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் திறந்து, அந்த விரலுக்குரியவரின் பெயரைச் சொல்லுவாள். சொல்கிற வரிசையில்தான் குளிர் முடிகிறவரை கஞ்சி. கை திறக்கும்போது எதிரில் நிற்காதவருக்கு அந்தக் குளிர்காலம் ஒரு மடக்குக் கஞ்சியும் கிடையாது. அதனால் அன்று யாரும் கைக்காரியின் பக்கத்தை விட்டு அசையமாட்டார்கள். எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு பெகா பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வழித்துச் சாப்பிடுவாள். அடியில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் பனி முந்திக்கொண்டது. கடல் பக்கமிருந்து காலையிலேயே இறங்க ஆரம்பித்துவிட்டது. பெகா வாசலுக்கு வந்து கைகளை நீட்டினாள். குத்லாக் எப்போதும்போல முதலில் வந்து இடது சுண்டுவிரலைத் தொட்டார். அப்புறம் ஓஸ்ரிக். பெகாவின் இரண்டு மகன்கள் தள்ளுமுள்ளோடு வந்தார்கள். பிறகு குத்லாக்கின் மனைவி, நாய், இரண்டு ஆடுகள். வெள்ளை நெற்றிப் பசு அவசரமில்லாமல் வந்து மூக்கால் தொட்டுவிட்டு, பெகாவின் முகத்தில் வெந்நீராவி போல ஒரு மூச்சு விட்டுப் போயிற்று.

கடைசியாக வாத்து.

"இந்த வருஷமும் எனக்குக் கடைசி விரல்தானா? வாத்துன்னா அவ்வளவு இளப்பமா?"

"கடைசி விரல் கட்டைவிரல்டி. அதுதான் மத்த விரலையெல்லாம் பிடிச்சு வைக்குது. பேசாம வாயை மூடிட்டு வந்து தொடு."

"வாயை மூடிட்டா? நான் வாயாலதானே தொடணும்?"

பையன்கள் சிரித்தார்கள். பெகாவும் சிரித்துக்கொண்டே வலது கட்டைவிரலை மடக்கினாள். இரண்டு கையும் மூடிற்று. அவள் ஒரு கால் பின்னால் வைத்தபோது நாய் காதை நிமிர்த்தியது.

"உப்பு வாசனை," என்றது நாய். "தெரிஞ்ச உப்பு. உன் தங்கச்சி வர்றா."

சதுப்புக்கு அந்தப் பக்கம் பனிக்குள் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தது. பெகாவின் தங்கை டெட்டா, கடற்கரையில் உப்புக் காய்ச்சுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கடலோரத்து ஜனங்களுக்குக் கடலோரத்திலேயே தனிக் குளிர்வீடு உண்டு. அதனால் குளிர்காலத்தில் அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. விழுந்தும் எழுந்தும் அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, வயிறு நன்றாக முன்தள்ளியிருந்தது பெகாவுக்குத் தெரிந்தது.

"அக்கா, கடல் ஏறி வந்துடுச்சு," என்றாள் டெட்டா. மூச்சு வாங்கியது. "வீடு போச்சு. அவர் உப்புப் பானையை எடுக்கப் போனார், திரும்பலை. அங்கே யாரும் இல்லைக்கா. நான் மட்டும்தான்."

சொல்லிக்கொண்டே அவள் அக்காளின் இடது கையைப் பிடித்தாள். மூடிய முட்டியைச் சுற்றித் தடவினாள். நீட்டியிருக்கும் ஒரு விரலைத் தேடினாள். வலது கையையும் எடுத்துத் தடவிப் பார்த்தாள். இரண்டு கையிலும் கணுக்கள் மட்டும்தான் இருந்தன.

"கை மூடியாச்சும்மா," என்றார் குத்லாக், மெதுவாக.

டெட்டா பிடித்த கையை விடவில்லை. பெகா தங்கையின் விறைத்த விரல்களைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். பின்னால் சதுப்பில் அவள் வந்த கால்தடம் அதற்குள் மூடிப்போயிருந்ததையும் பார்த்தாள். வெளியே நின்றால் விடியும்வரைகூடத் தாங்கமாட்டாள். பெகாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"என் இடத்தை அவளுக்குக் கொடுக்கறேன்," என்றாள். "அவ உள்ளே வரட்டும். நான் வெளியே போறேன்."

குத்லாக் அவளைப் பார்த்தார். "உன் இடமா? எந்த விரல்?"

நோகடிப்பதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பெகா வாயைத் திறந்தாள். தன் இரண்டு முட்டிகளையும் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் குத்லாக்குடையது. அடுத்தது ஓஸ்ரிக்குடையது. அதற்கடுத்தவை பிள்ளைகளுடையவை. இப்படியே மனதுக்குள் போய்ப் போய் வலது கட்டைவிரலுக்கு வந்தாள். அது வாத்தினுடையது.

"உனக்குத்தான் விரலே கிடையாதே, பெகா," என்றது வாத்து. "நானே பல தடவை நினைச்சிருக்கேன். கேட்டா என் விரலைப் பிடுங்கிடுவாங்களோன்னு கேக்கலை."

"நீங்க சொல்லுங்க," என்று பெகா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓஸ்ரிக் ஜோட்டு நுனியால் பனியைக் கிளறினான். "கைக்காரி கணக்குல வரமாட்டா, பெகா. அது எப்பவும் அப்படித்தானே? எண்ணுற கை தன்னையே எப்படி எண்ணும்?"

ஒவ்வொரு குளிர்காலமும் அடுப்பருகே உட்கார்ந்து விரல்களைத் திறந்தது பெகாவுக்கு நினைவு வந்தது. கடைசிப் பெயரைச் சொன்ன பிறகு ஒரு சின்ன மௌனம் வரும். அந்த மௌனத்தில் அவள் எழுந்து போய்ப் பானையை எடுப்பாள். அந்த மௌனம்தான் தன் பெயர் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

கண் கலங்கியது. அந்தக் குளிரில் கண்ணீர் வெளியே வந்தால் உறைந்துவிடும். பெகா மூக்கை உறிஞ்சி அதை உள்ளேயே இழுத்துக்கொண்டாள். மறுபடி பேசியபோது அவள் குரலில் நடுக்கம் இல்லை.

"அப்ப நான் மிச்சம்," என்றாள்.

"அப்படி யாரும் சொல்லலை," என்றார் குத்லாக்.

"சொல்ல வேண்டாம் பெரியத்தான். விரல்ல இல்லாதது மிச்சம்தானே? கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து இந்தக் கூரைக்குக் கீழே ஒரு மிச்சம் இருந்திருக்கு. கஞ்சி குடிச்சிருக்கு. புள்ளை பெத்திருக்கு. அதனால இங்கே யார் பட்டினி கிடந்து செத்தாங்க?"

பசு அசைபோடுவதை நிறுத்திற்று. "அவ சொல்றது சரிதான்," என்றது. "அவ எப்பவும் உள்ளேதான் இருந்தா. நான் பார்த்திருக்கேன்."

"ஒரு மிச்சம் பிழைக்க முடிஞ்சா இன்னொரு மிச்சமும் பிழைக்கும்," என்றாள் பெகா.

குத்லாக் தாடியில் விழுந்த பனியைத் துடைத்தார். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, பெகா. குழியில எவ்வளவு பார்லி கிடக்குன்னு எனக்குத் தெரியும். நீ குடிக்கிறது பானை வழிச்சது. அதுல ஒருத்திக்குத்தான் காணும்."

"அதை ரெண்டு பேரும் பங்கிட்டுக்கறோம்."

"அவ வயித்துல இருக்கிறது? அது பங்கு கேக்காதா? முன்னே ஒரு தடவை எல்லாரையும் வா வான்னு கூப்பிட்டுத்தானே மொத்தக் குடியும் அழிஞ்சுது? நான் அந்தக் கதவைச் சாத்தணும்மா. சாத்தினாத்தான் உன் புள்ளைங்களும் பிழைக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெகாவுக்கே அது தெரிந்தது. பிள்ளைகள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"சரி. மிச்சம் ரெண்டும் வெளியே போறோம். வாடி டெட்டா."

முழங்கையைத் தங்கையின் முழங்கையோடு கோத்துக்கொண்டு, மூடிய இரண்டு கைகளையும் நெஞ்சோடு அணைத்தபடி அவள் பனிக்குள் இறங்கினாள். கொஞ்ச தூரம் போயிருப்பாள். பின்னாலிருந்து வாத்து கத்தியது.

"ஏய், நில்லு! என் விரல்! என் விரல் உன்கிட்டல்ல இருக்கு!"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எண்ணப்பட்டவர் எல்லோரும் அந்தக் கைகளுக்குள் இருந்தார்கள். அந்தக் கைகள் சதுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"கையைத் திறந்து வச்சுட்டுப் போ!" என்று கூவினார் குத்லாக்.

பெகா திரும்பாமலே பதில் சொன்னாள். "அடுப்புக்கிட்டதான் திறக்கணும். முறை அப்படித்தானே, பெரியத்தான்? நான் அடுப்பை விட்டுப் போறேன்."

"எதிர்ல நிக்காதவங்களுக்குக் கஞ்சி இல்லைன்னும் முறை இருக்கு," என்று நாய் நினைவுபடுத்திவிட்டு, அதற்குக் காத்திருந்ததைப் போல வாலை ஆட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடியது. வாத்து இறக்கையை அடித்துக்கொண்டு நாய்க்குப் பின்னால் போயிற்று. "அம்மா!" என்று பையன்கள் ஓடினார்கள். ஓஸ்ரிக் அண்ணனை ஒருமுறை பார்த்தான். "என் விரலும் அங்கேதான் இருக்கு, அண்ணா," என்று சொல்லிவிட்டு அவனும் இறங்கினான். ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. குத்லாக்கின் மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்தாள். பசு வாசற்படியில் நின்று யோசித்தது. "எனக்குக் குளிரே பிடிக்காது," என்றது. பிறகு அதுவும் போயிற்று.

குத்லாக் மட்டும் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் வீடு வெதுவெதுப்பாக, நீளமாக, காலியாக இருந்தது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. குழி நிறைய பார்லி இருந்தது. இனி எல்லாமே அவர் ஒருவருக்குத்தான். ஒரே ஒரு ஆள் வசந்தத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவது எப்படி இருந்திருக்கும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அவரும் பனிக்குள் இறங்கினார்.

சதுப்பின் ஓரத்தில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பனி எல்லோர்மீதும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நாய் எது, ஆடு எது என்று தெரியாதபடி வெளுத்துப் போனார்கள். குத்லாக் வந்து சேர்ந்ததும் பசு கேட்டது: "இப்ப இதுல யார் பத்து, யார் மிச்சம்? வெளியே நிக்கிறதெல்லாம் மிச்சம்னா, நாம எல்லாருமே அதுதான் போலிருக்கு."

குத்லாக் பெகாவின் எதிரில் வந்து நின்றார். பற்கள் அடித்துக்கொண்டன.

"கையைத் திற."

"இங்கேயா? அடுப்பு எங்கே?"

"இங்கேயே திறம்மா. நான் சொல்றேன்."

கதவு சாத்துமுன் கைக்காரியின் கை திறந்தால் எண்ணப்பட்டவர் எல்லோரும் எண்ணப்படாதவர் ஆகிவிடுவார்கள், அந்தக் குடி குளிரைத் தாண்டாது என்று அந்த ஊரில் எல்லோரும் நம்பினார்கள். அதுவரை ஒருத்தியும் அதைச் செய்து பார்த்ததில்லை. பெகா திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. நேரமாகிக் குளிரில் விரல்கள் மூடியபடியே விறைத்துவிட்டன. பத்துப் பேரும் உள்ளே மாட்டிக்கொண்டதைப் போல ஓலமிட்டார்கள்.

டெட்டாதான் அந்தக் கைகளை எடுத்துத் தன் வயிற்றின்மீது வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு உயிர் இருந்ததால் அந்த ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தது. அங்கே வைத்து, ஊதி ஊதி, அவள் அக்காளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கினாள். கடைசியில் கட்டைவிரல். பெகா யாருடைய பெயரையும் சொல்லவில்லை. கை முழுவதும் திறந்ததும் அந்தக் கையால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். பனி விழுந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"நான் இன்னும் இருக்கேனா?" என்று கேட்டது வாத்து.

"இருக்கே," என்றது பசு. "சத்தம் கேக்குது."

அன்று வரிசை இல்லாமல், இடித்துக்கொண்டு, உதறிக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக உள்ளே ஓடினார்கள். கதவைச் சாத்தியது யார் என்று யாருக்கும் நினைவில்லை.

பெகா வழக்கம்போலப் பானையிடம் போனாள். அகப்பையைக் கையில் எடுத்தவள் நின்றாள். எதைச் சொல்லி ஊற்றுவது? பெயர் சொல்லாமல் ஊற்றுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. குத்லாக் தொண்டையைச் செருமினார். அவருக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒழுங்கில்லாமல் இருக்க அவரால் முடியாது.

"முன்னே மாதிரியே பத்து. அப்புறம்..." அவர் பெகாவைப் பார்த்தார். "அப்புறம் ஒண்ணு மிச்சம்." டெட்டாவைப் பார்த்தார். "அப்புறம் ரெண்டு மிச்சம். வேற வார்த்தை எனக்குத் தெரியலை."

அளவில்லாமல் கிடந்த மிச்சத்துக்கு அன்றுதான் முதன்முதலாக ஒரு அளவு வந்தது. பெகா தலையை ஆட்டினாள். மௌனமாக இருந்த இடத்தில் ஒரு பெயர் வந்துவிட்டது. அது அழகான பெயராக இல்லாவிட்டால் என்ன?

"ஒண்ணு மிச்சம்," என்று உரக்கச் சொல்லி, தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். "ரெண்டு மிச்சம்," என்று டெட்டாவுக்கு ஊற்றினாள்.

குளிர் அந்த வருடம் இரக்கம் காட்டவில்லை. கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்தது. பானைக்குள் பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்கு ஆயிற்று. வாத்துகூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டது. ஓஸ்ரிக் சதுப்பில் பனிக்கட்டியை உடைத்து விலாங்கு தேடினான். கிடைத்த நாளில் எல்லோருக்கும் ஒரு வாய் கிடைத்தது. பானையை வழிக்கிற வேலையை இனி முறை வைத்துச் செய்வது என்று பெகா சொல்லிவிட்டாள். குத்லாக்கின் முறை வந்தபோது அவர் பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு கவளம் வழித்து வாயில் போட்டார். அடிப்பிடித்த கசப்பு. வெகுநேரம் மென்றார்.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"சில நாள் இதைவிட மோசமா இருக்கும்," என்றாள் பெகா.

அவர் மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தாமே பானையைக் கழுவி வைத்தார்.

குழியின் அடிமண் தெரிய ஆரம்பித்த ஒரு காலையில் டெட்டாவுக்கு வலி எடுத்தது. பசு நகர்ந்து படுத்துத் தன் சூட்டைக் கொடுத்தது. உச்சிப்பொழுதுக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிவப்பாக, சுருங்கி, ஊரையே திட்டுகிறதைப் போல அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வாத்துக்கும் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

"மூணு மிச்சம் வந்தாச்சு!" என்று அது கூரை அதிரக் கத்தியது.

"வாயை மூடு," என்றார் குத்லாக்.

அவர் எழுந்து வந்தார். குனிந்து குழந்தையைப் பார்த்தார். குழந்தை கண் திறக்காமலே கையை நீட்டி, எதிரில் வந்த அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. மடக்கி, இறுக்கி, விடவே இல்லை. அந்த வீட்டில் விரலை எண்ணுகிறவர் மடக்குவார், எண்ணப்படுகிறவர் தொடுவார். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. பெரியவரை ஒரு குழந்தை எண்ணிவிட்டது.

"இது மிச்சம் இல்லை," என்றார் குத்லாக். "வாசல்ல நின்னு நம்மகிட்ட இடம் கேட்ட புள்ளை இல்லை இது. இங்கேயே பொறந்தது. நம்ம பத்தோட சேர்ந்தது. மூணும் பத்தும்னு சொல்லுங்க. இதுக்கப்புறம் வர்றது நாலும் பத்தும். அதுக்கப்புறம் எது வந்தாலும் பத்தோட சேர்த்துத்தான். இனிமே இந்த வீட்டுல மிச்சம்னு ஒண்ணு பொறக்கக் கூடாது."

எல்லோரும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றும் பத்தும். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப பெகாவையும் மாத்திடலாம், அண்ணா," என்றான் ஓஸ்ரிக். அவன் குளிர் முழுவதும் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தவன். "அவளை ஒண்ணும் பத்தும்னு சொல்லலாம். டெட்டாவை ரெண்டும் பத்தும்."

குத்லாக் உடனே சம்மதித்தார். எல்லோரும் பெகாவைப் பார்த்தார்கள். அவள் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"எங்க ரெண்டு பேர் பேரையும் மாத்த வேண்டாம்."

"ஏன் பெகா? அது நல்ல பேரா?"

"நல்ல பேர் இல்லை. ஆனா அதுதான் நடந்தது." அவள் குழந்தையைத் தங்கையின் மார்பில் வைத்தாள். "இந்தப் புள்ளை வளர்ந்து எண்ணும்போது பத்துக்கு அப்புறம் ஒரு நிமிஷம் நிக்கணும். இங்கே ரெண்டு பேர் வெளியே நின்னாங்கன்னு தெரியணும். அப்புறம் தன்னோட எண்ணுக்கு வரட்டும்."

டெட்டா அக்காளின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அது எந்த விரல், யாருடைய விரல் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

சில நாளில் கூரையிலிருந்து பனி சொட்ட ஆரம்பித்தது. குழியில் கடைசிப் பிடி பார்லியைச் சுரண்டி எடுத்த வாரத்தில் கதவைத் திறந்தார்கள். இந்த முறை ஒருவர் மட்டும் வெளியே வரவில்லை. மெலிந்து, கண் கூசி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். வாத்து முதலில் வந்தது.

பிறகு பிராணிகள் பேச்சை மறந்தன. மனிதர்கள் கடல் தாண்டிப் போனார்கள். ஆற்றுக்கல்லைப் போல வாய் மாறி வாய் மாறி அந்தச் சொற்களும் தேய்ந்தன. ஒன்று மிச்சம் தேய்ந்து தேய்ந்து இலெவன் ஆயிற்று. இரண்டு மிச்சம் ட்வெல்வ் ஆயிற்று. அவற்றைச் சொல்கிறவர்களுக்கே உள்ளே ஒரு மிச்சம் இருப்பது மறந்துவிட்டது. குழந்தைகள் பள்ளியில் பாட்டாகப் பாடி அவற்றைத் தாண்டிப் போகிறார்கள்.

ஆனாலும் பெகா கேட்டது அப்படியே இருக்கிறது. பனியில் அவள் கை திறந்த அந்தக் குளிர்காலம் முதல்தான், பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதுவரை எல்லா எண்ணும் டீன் என்று தேய்ந்துபோன பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க, அந்தப் பேச்சில் பதினொன்றும் பன்னிரண்டும் மட்டும், வாசலில் நின்ற அக்காளும் தங்கையுமாக, மிச்சம் என்ற தங்கள் பழைய பெயரோடு தனியே நிற்கின்றன.